ஜெயந்திக்குக் கட்டிய ஆஸ்பத்திரிப் பை

மதினி,

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று காலையில் கொடியில் கிடந்த உங்கள் நீலச் சேலைத் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றேன். உங்கள் வாசனை கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். சவர்க்காரம்தான் மணத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பாக்கியம் அக்கா, "என்னாடி, அதுலயா மூக்கு சிந்துற?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உண்மையைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

என் மூத்தவன் வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதமே துணி கிழிக்க ஆரம்பித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அண்ணனின் பழைய சாரத்தைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, வெந்நீரில் அவித்தீர்கள். ஹுன்னஸ்கிரிய மலைப் பனியில் எதுவும் காயாது என்று அடுப்புக்கு மேலே கயிறு கட்டினீர்கள். "மதினி, இது புள்ளைக்கா, அண்ணனுக்குத் தேத்தண்ணி வடிக்கவா?" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. பிறக்கும் முன்னே புதுச் சட்டை வாங்கினால் கண்பட்டுவிடும், பழைய துணிதான் முதலில் உடம்பில் படவேண்டும் என்று சட்டம் பேசினீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னதும் ஒரு கிழிசலை என் மடியில் போட்டீர்கள். "பயத்து கையில ஒரு வேலையக் குடுத்துட்டா அது பேசாம கெடக்கும். மடி."

நீங்கள் போன பிறகுதான் உங்கள் ஜெயந்திக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை. அண்ணனுக்குச் சுடுதண்ணி வைக்கவே தெரியாது, உங்களுக்குத் தெரியாததா? அதனால் தலைப்பிரசவத்துக்கு என்னிடம் வந்துவிட்டாள். துணி மடித்துக்கொண்டிருக்கும்போது தலை நிமிராமலே கேட்டாள்.

"அத்த, வலி வந்தா எல்லாரும் அம்மாவத்தானே கூப்பிடுவாங்க. நான் யாரக் கூப்பிடுறது?"

எனக்குக் கேலி உடனே வரவில்லை. இரண்டு துணி மடித்த பிறகுதான் வந்தது. "என்னையக் கூப்பிடு. சத்தமாக் கூப்பிடு, எனக்கு ஒரு காது மந்தம்." சிரித்துக்கொண்டே அழுதாள்.

பயத்துக்கு வேலை கொடுத்தோம். துணிகள், என் மூத்தவனின் பழைய தொப்பி, ஃபிளாஸ்க், கிளினிக் அட்டை எல்லாம் ஒரு சிவப்புக் கடைப் பைக்குள் போனது. கடைசியில் உங்கள் நீலச் சேலைத் துண்டை அவித்து எடுத்துவந்து, பிள்ளையை முதலில் இதில்தான் சுற்றவேண்டும் என்றாள். பாக்கியம் அக்கா பார்த்துவிட்டார்.

"செத்தவ துணிய பச்சப்புள்ள மேல போடுவாங்களா? ஒனக்கு வயசாச்சு, புத்தி எங்க போச்சு?"

ஜெயந்தியின் முகம் வாடிப்போனது. நான் துண்டை அக்கா கண்முன்னாலேயே வெளியே எடுத்தேன். "புள்ளைக்கு வேணாங்க்கா. இவளுக்குப் பனி ஆகாது, இவ தலையில கட்டிக்கட்டும்." அதற்குச் சட்டம் தேடி அக்கா வீட்டுக்குள் போனார்.

வலி வந்த அன்று ரவியின் ஆட்டோவில் புறப்பட்டோம். கண்டியில் இருக்கும் தன் அக்காவுக்கு அவனும் ஒரு சிவப்புக் கடைப் பையைப் பின்னால் போட்டிருந்தான். வளைவுக்கு வளைவு ஜெயந்தி என் கையை நசுக்கினாள். ஆஸ்பத்திரியில் எங்களை இறக்கிவிட்டு, ஒரு பையை என்னிடம் கொடுத்துவிட்டு ரவி போய்விட்டான். பிரசவ அறைக்குள் போகும்போது ஜெயந்தி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் தோளில் போட்டாள். 

வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளே இருந்து "அம்மா" என்று சத்தம் வந்தது. மந்தக் காதிலேயே கேட்டது. என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன், மதினி. என்னை அல்ல, உங்களைத்தான் கூப்பிட்டாள். ஆனாலும் யாராவது எழுந்திருக்க வேண்டுமே. இப்போதும் எங்கே எந்தப் பிள்ளை அம்மா என்றாலும் என் கால் தானாக எழும்புகிறது. இதை நீங்கள்தான் எனக்கு விட்டுப்போயிருக்கிறீர்கள்.

நர்ஸ் கதவைத் திறந்தார். "ஆம்பிளப் புள்ள. ரெண்டு பேரும் சொகம். துணி குடுங்க."

சிவப்புப் பையைத் திறந்தேன். உள்ளே கறிக்கு வாங்கிய லீக்ஸ் கட்டு இருந்தது.

நர்ஸ் லீக்ஸைப் பார்த்தார். பிறகு என் தோளைப் பார்த்தார். "அது சுத்தமா?"

"நல்லா அவிச்சது" என்றேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

பின்னேரம் ரவியின் அக்கா போன் எடுத்தார். பிள்ளைத் தொப்பி வந்து சேர்ந்ததாம். கறிக்கு என்ன செய்வது என்று கேட்டார்.