‘மெ’ போட்ட கடுதாசி

என்னை விட்டுப் போனவருக்கு,

இன்று காலை பள்ளிக்கூடத்தில் மைப்பொடி கரைத்தேன். புது வகுப்புக்குப் பிள்ளைகளின் பெயர்களை எழுத வேண்டும். வெந்நீரில் பொடி விழுந்ததும் அந்தத் துரு வாடை எழுந்தது. உடனே நீங்கள் கண்முன் வந்துவிட்டீர்கள், சட்டைக் கையெல்லாம் மைக்கறையாக. பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாத்தியாரம்மாவுக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்தாள்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. செத்தவருக்குக் கடுதாசி எழுதினால் எந்த அஞ்சல்காரன் கொண்டுபோய்க் கொடுப்பான் என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் சொல்லவில்லை. இனிமேல் தள்ளிப்போட முடியாது.

பெரியச்சனிடம் நாம் இரண்டு பேரும் பாடம் கேட்ட அந்த வருடத்திலிருந்து தொடங்குகிறேன். பாதிரியாரை நம் பக்கத்தில் அச்சன் என்று சொல்வதால், ஸ்பெயின் தேசத்திலிருந்து வந்த அவர் பெரியச்சன், அவருக்கு உதவியாக இருந்த மலையாளக்காரர் சின்னச்சன். பெரியச்சனிடம் அவர் ஊர் பாஷையில் ஒரு ஞானோபதேசப் புத்தகம் இருந்தது. மலையாளம் வாசிக்கத் தெரியாத பாறசாலைப் பக்கத்துச் சனங்களுக்கு அதைத் தமிழில் கொடுக்க ஆசைப்பட்டார். அவருக்குத் தெரிந்த தமிழோ, ‘வா’, ‘போ’, ‘சோறு வேண்டாம்’ என்பதோடு சரி. ஆகவே கோயில் உபதேசியார் நீங்களும், பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா நானும் ஸ்பானிஷ் படிப்பது என்று முடிவாயிற்று. சனிக்கிழமை மத்தியானம் அச்சன் வீட்டு வராந்தாவில் இரண்டு பெஞ்சு. நடுவில் ஒரு மேசையும் ஒரு பெரியச்சனும்.

வினைச்சொற்களில் அவர் முதலில் சொல்லித்தந்தது கழுவுவது. ‘லாவோ’ என்றால் கழுவுகிறேன். ‘மெ லாவோ’ என்றால் என்னையே நான் கழுவிக்கொள்கிறேன். மெ லாவோ, தெ லாவாஸ், செ லாவா, நொஸ் லாவாமோஸ், ஒஸ் லாவாய்ஸ், செ லாவான். நாம் இரண்டு பேரும் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் என் அப்பன் வாழைக்குலை சுமந்துகொண்டு வந்தார். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு அர்த்தம் விசாரித்தார். சொன்னோம். “நானும் குளிக்கேன், நீயும் குளி, அவனும் குளிக்கான். இதுக்காக்கும் ரெண்டு பேரும் ஒரு மாசமா இருந்து படிக்கிய?” என்று கேட்டார். பெரியச்சனுக்கு அதை மொழிபெயர்க்க முடியாமல் நீங்கள் தவித்தது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

அந்த ‘மெ’யை எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதுதான் உங்களுக்குப் பிடிபடவே இல்லை. நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தமிழில் ‘கொள்’ வருகிற இடத்தில் அங்கே ‘மெ’ போட்டால் போதும் என்றேன். கழுவிக்கொள்கிறேன், மெ லாவோ. உட்கார்ந்துகொள்கிறேன், மெ சியெந்தோ. பெரியச்சனே மேசையைத் தட்டி மெச்சினார். ஆனால் அவர் பாஷையில் தூங்கிப்போவதற்கும் ‘மெ’, கிளம்பிப்போவதற்கும் ‘மெ’, சாவதற்குக்கூட ‘மெ’ போடலாம் என்று தெரிந்தபோது என் கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் அடங்கியது. “சின்ன வார்த்தை. விட்டால் ஆள் மாறும்,” என்று அவர் உடைந்த தமிழில் சொல்வார். ஆள் மாறும் என்பதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. ‘தெ’ என்பது நீ என்று அழைப்பவர்களுக்கு, மரியாதைக்கு ‘செ’. உதாரண வாக்கியம் சொல்லும்போதுகூட நீங்கள் என்னிடம் ஒருநாளும் ‘தெ’ போட்டதில்லை. ‘வாத்தியாரம்மா எழுந்திருக்கிறார்கள், வாத்தியாரம்மா முகம் கழுவிக்கொள்கிறார்கள்’ என்று எல்லாமே ‘செ’. என் முகத்தைப் பார்த்தும் சொல்வதில்லை. மேசைக் காலைப் பார்த்துச் சொல்வீர்கள். அந்த மேசைக் காலின்மேல் எனக்குப் பொறாமையே வந்ததுண்டு. இதையும் இப்போதுதான் சொல்கிறேன்.

மழைக்காலம் முடிந்ததும் பெரியச்சனுக்குக் காய்ச்சல் விடாமல் பிடித்தது. வைத்தியத்துக்காகக் கொல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். அதே சமயத்தில் பூவாற்றிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல வீடு, வள்ளமும் வலையும் உண்டு, மாப்பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையின் அம்மை மட்டும் ஒரு சொல் சொல்லியனுப்பினாள்: “பள்ளிக்கூடம் எல்லாம் இதோட மதி, போதும். இங்க வீட்டு வேலை உண்டு.” அப்பன் சம்மதித்துவிட்டார். அம்மை இல்லாமல் என்னை வளர்த்தவர், எனக்கும் வயது இருபத்தாறு தாண்டிவிட்டது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பது பெண்பிள்ளைகள் ‘அ’ எழுதிக்கொண்டிருந்த அந்த ஓலைக்கூரையை விட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. வராந்தாவில் எதிர்ப் பெஞ்சை விட்டுப் போகச் சுத்தமாக ஒப்பவில்லை.

கலியாணம் என்றால் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை உண்டானால் சொல்லுங்கள் என்று. அதற்குப் பெரியச்சனின் உத்தரவு வேண்டும். அப்பன் உங்களைத் தேடி அச்சன் வீட்டுக்கு வந்தார். பாடத்தை விட்டுவிடக்கூடாது என்று நானும் அங்கே இருந்தேன்.

“உவதேசியாரே, அச்சனுக்கு ஒரு கடுதாசி எழுதணும். பிள்ளையைக் கெட்டிக் குடுக்கோம், ஓலை வாசிக்க உத்தரவு வேணும்னு எழுதும். மாப்பிள்ளைக்க பேரும் ஊரும் எழுதின குறி பூவாத்துக் கோயில்ல இருந்து தனியா வரும்.”

நம் பக்கத்தில் சம்பந்தம் பேசி முடித்து கோயிலில் சொல்வது உபதேசியார் பொறுப்பு. ‘நான் கெட்டிக் குடுத்த பிள்ளை’ என்று அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆகவே நீங்களும் உங்கள் பெயரிலேயே எழுதினீர்கள், பெரியச்சன் சந்தோஷப்படட்டும் என்று அவர் பாஷையில். அரை மணி நேரம் வியர்த்து வியர்த்து மூன்று வரி. பிறகு காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, வாழைத்தோப்பைப் பார்த்து நின்றுகொண்டீர்கள்.

“மக்கா, உவதேசியாருக்க எழுத்து கோழி கிண்டுனது மாதிரி இருக்கு. நீ நல்ல கையெழுத்தில ஒண்ணு பகர்த்திக் குடு,” என்றார் அப்பன்.

எடுத்து வாசித்தேன். ‘மெ காஸோ கொன் லா மாயெஸ்த்ரா’ என்று எழுதியிருந்தீர்கள். வாத்தியாரம்மாவை நான் கட்டிக்கொள்கிறேன்.

உங்கள் தப்பு எனக்கு அந்த நிமிடமே புரிந்தது. கட்டிக்கொடுப்பதற்கு ‘மெ’ கிடையாது. ‘காஸோ ஆ லா மாயெஸ்த்ரா’ என்று எழுத வேண்டும். ஆனால் நம் வாய்க்கு ‘கெட்டிக் குடுக்கேன்’ என்பதும் ‘கெட்டிக்கிடுதேன்’, அதாவது கட்டிக்கொள்கிறேன், என்பதும் பக்கத்துப் பக்கத்து வீடு. ‘கெட்டிக்’ என்று காதில் விழுந்ததும் நீங்கள் என் ‘கொள்’ சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ‘மெ’யைப் போட்டீர்கள். மிச்சத்துக்கு, கலியாணம் என்ற பேச்சில் பெரியச்சன் சொல்லித்தந்திருந்த ஒரே வாக்கியத்தை அப்படியே இறக்கிவிட்டீர்கள். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

பேனா என் கையில் இருந்தது. ‘மெ’யை விட்டுவிட்டு, ‘கொன்’ இருந்த இடத்தில் ‘ஆ’ போட்டால் போதும், நான் பூவாற்றுக்குப் போய்விடுவேன். பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது.

“என்ன மக்கா, நிறுத்திட்ட? தப்பு தெற்று உண்டா?”

“ஒண்ணும் இல்லப்பா. மை அதிகம் தொட்டுட்டேன், வடியட்டும்.”

பிறகு எழுதினேன். ஒரு எழுத்தையும் மாற்றாமல், நீங்கள் எழுதியது எழுதியபடி, பிள்ளைகளுக்குக் காப்பி எழுதிக் கொடுப்பதுபோல நிறுத்தி அழகாக எழுதினேன். அப்பன் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அஞ்சலில் சேர்க்கப் போனார்.

மூன்று வாரத்தில் பெரியச்சனின் உத்தரவு வந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் சின்னச்சன் முதல் ஓலை வாசித்தார். இந்தக் கோயில் இடவகை உபதேசியாருக்கும், இதே இடவகைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவுக்கும் விவாகம் நிச்சயிச்சிருக்குந்நு, தடஸ்ஸம் உண்டெங்கில் அறியிக்கணும் என்று அவர் மலையாளத்தில் முடித்தபோது, ஆண்கள் பக்கத்தில் யாரோ தும்மினார்கள். நீங்கள் பீடத்துப் பக்கம் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தீர்கள். திரி எரிந்து விரல் சுடும்வரை அப்படியே நின்றீர்கள்.

பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் அப்பன் உங்கள் தோளைப் பிடித்தார். “எலே, நீ ஆருக்க பிள்ளையை ஆருட்ட கேட்டு எழுதினே?”

“கெட்டிக் குடுக்கேன்னாக்கும் நான் எழுதினது! சத்தியமா! அச்சன் காய்ச்சல்ல தெற்றா வாசிச்சிருப்பாரு!” அப்புறம் என் பக்கம் திரும்பினீர்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தீர்கள். “வாத்தியாரம்மா, நீங்கல்லா பகர்த்தினது? நான் என்ன எழுதியிருந்தேன்னு சொல்லுங்க.”

“நீங்க எழுதினதைத்தான் அச்சன் வாசிச்சிருக்காரு. ‘மெ’ போட்டிருந்திய,” என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

“அப்ப வாற ஞாயிற்றுக்கிழமை மாத்தி வாசியுங்க, அச்சோ,” என்று அப்பன் சின்னச்சனைப் பார்த்தார்.

“அப்பா, மொத ஞாயிறு ஒருத்தருக்க பேரு, அடுத்த ஞாயிறு வேற ஒருத்தருக்க பேரு. பின்ன என்னை ஊரு என்னண்ணு பறையும்?”

அப்பன் சுற்றி நின்ற சனங்களைப் பார்த்தார். நல்ல மனுஷன், ஊர்ப்பேச்சுக்கு மட்டும் பயப்படுவார். அது தெரிந்துதான் கேட்டேன். கடைசியில் உங்களைப் பார்த்து, “ஒமக்கு சம்மதம் உண்டுமா?” என்றார், ‘எலே’ போய் ‘ஒமக்கு’ வந்துவிட்டது. நீங்கள் மண்ணைப் பார்த்துக்கொண்டு, “உண்டு. முன்னயே உண்டு. கேக்கதுக்கு தைரியம் இல்லாம இருந்ததாக்கும்,” என்றீர்கள். எனக்கு அந்த முற்றத்திலேயே சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது.

பெரியச்சன் குணமாகித் திரும்பியபோது நீங்கள் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டீர்கள். அவர் பெட்டியிலிருந்து கடுதாசியை எடுத்துப் பார்த்தார். என் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “உபதேசியார் தெற்றும். வாத்தியாரம்மா தெற்றாது,” என்றார். நீங்கள் அதை எனக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையாட்டினீர்கள். அவர் கடுதாசியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். என்னிடம் அதைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை. நம் கலியாணப் பூசையை அவரே வைத்தார். சில வருடங்களில் அவருடைய ஊருக்குத் திரும்பிப் போய், அங்கேயே இறந்துபோனார்.

முதல் வருடம் பயத்தால் சொல்லவில்லை. பிறகு உங்களால் சொல்லவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், காஞ்சிரங்குளத்து உறவுக்காரர்கள் ஆகட்டும், புதிதாக வந்த அச்சன்மார் ஆகட்டும், காப்பி ஆறுவதற்குள் அந்தக் கதையை எடுத்துவிடுவீர்கள். “இலக்கணம் தெரியாதவனுக்கு ஆண்டவர் குடுத்த சம்மானமாக்கும் இவ,” என்று முடிப்பீர்கள். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷன் தன் முட்டாள்தனத்தைப் பற்றிப் பேசி நான் பார்த்ததில்லை. அதை உங்கள் வாயிலிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

நம் மகளுக்குச் சம்பந்தம் பேச நீங்கள் கிளம்பியபோது, முதலில் அவளிடம் கேளுங்கள் என்று நான் வழிமறித்தது நினைவிருக்கிறதா? “ஒன்னை ஆரு கேட்டா? நீ நல்லாத்தானே இருக்க?” என்றீர்கள். பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவளிடம் கேட்ட பிறகே போனீர்கள், அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். என் வயதுப் பெண்கள் யாரைக் கேட்டாலும் ‘என்னை இன்ன ஊரில் கெட்டிக் குடுத்தாவ’ என்றுதான் சொல்கிறார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து அப்படியே சொல்லியிருக்கிறேன், ஊருக்காக. தனியாக இருக்கும்போது ஒருநாளும் சொன்னதில்லை. பயந்தும் நான் அதைச் செய்யவில்லை, அவசரத்திலும் செய்யவில்லை. மை வடியும் நேரம் முழுவதும் யோசித்துச் செய்தேன், ஒருநாளும் வருந்தவில்லை. அந்த ‘மெ’ உங்களுடையது என்று கடைசிவரை நம்பினீர்கள். கொல்லத்துக்குப் போன காகிதத்தில் அதை எழுதியது என் கை. என்னை யாரும் கெட்டிக் குடுக்கவில்லை. உங்களை நான் கெட்டிக்கொண்டேன்.