உன் பேஸ் கிடாரை எடுத்துக்கொண்டேன்

உயிரையே என் மேல் வைத்திருந்தும், ஒரு பாட்டுக்குக்கூட என்னை மேடையேற விடாத என் அருமை அண்ணனுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. டவுணில் எல்லாம் வழக்கம்போலத்தான் இருக்கிறது. ரத வீதியில் பஸ்காரர்கள் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருத்தரும் ஒதுங்குவதில்லை. மதினிக்குச் சளி பிடித்து இப்போது தேவலை. நான் காலையில் பீடி சுற்றுகிறேன், மத்தியானம் உன் பேஸ் கிடாரை வாசிக்கிறேன். கடைசியாகச் சொன்னது உனக்குக் கோபம் வரக்கூடிய செய்தி என்று தெரியும். தெரிந்தேதான் முதலிலேயே எழுதுகிறேன்.

வீட்டு விஷயத்தை இப்படி நாலு பேர் படிக்க எழுதலாமா என்று கேட்பாய். நம் வீட்டு விஷயம் இந்தச் சித்திரையில் மைக் செட் வைத்தே வெளியே போய்விட்டது, அண்ணே. ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி உனக்குச் சொல்கிறேன், மற்றவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

நீ பகலெல்லாம் டவுண் பஸ் ஓட்டுவாய். கோயில் கொடை, திருவிழா, கல்யாணம் என்று வந்துவிட்டால் துரை அண்ணாச்சியின் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கப் போவாய். வாசிப்பதோடு உன் வேலை முடிந்தது. திரும்பி வந்ததும் பையைக் கட்டிலில் போட்டுவிட்டுக் குறட்டை விடுவாய். நாலு கம்பியையும் பழைய வேட்டித் துணியால் துடைப்பது யார்? பங்குனி வெயிலில் கிடாரின் கழுத்து வளைந்து கம்பி கரகரவென்று இழுத்தால், ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நெடுகப் பார்த்து, உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியை ஆலன் கீயால் கால் சுற்று திருப்புவது யார்? சத்தம் மங்கிப்போன கம்பிகளைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, அழுக்கெடுத்து, காயவைத்து, மறுபடி மாட்டுவது யார்? மதினியின் புட்டுப் பானையில் அதைக் கொதிக்க வைத்து நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமா?

நீ என்ன சொல்வாய்? "ஏட்டி, கைய சோப்பு போட்டுக் கழுவிட்டுத் தொடு. புகையிலைத் தூளு கம்பில ஏறிரும்." அவ்வளவுதான். ஒருநாள் வாய்விட்டே கேட்டேன், நானும் வாசிக்கட்டுமா என்று. சிரித்தாய். "பேஸுக் கம்பி அமுக்கதுக்குப் பொம்பள வெரலுக்கு வலு காணாதுட்டி. அதுவும் மேடைல இத மாட்டிக்கிட்டு நின்னா பாக்கதுக்கு நல்லாவா இருக்கும்?" அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ இறந்துவிட்டாய் என்பதற்காக ஆறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

நாளெல்லாம் பீடி சுற்றுகிறவளுடைய விரலுக்கு வலு இல்லையாம். இலையை உருட்டி, நுனியை மடக்கி, நகத்தால் குத்தி அடைத்து, நூல் கட்டுகிற விரல் இது. நீ ஸ்டியரிங் பிடித்த கை, நான் பீடி இலை வெட்டக் கத்தரி பிடித்த கை. எது வலுவான கை என்று யார் அளந்து பார்த்தார்கள்?

இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். நீ பஸ்ஸுக்குப் போன பிறகு, வருஷக்கணக்காக, நான் அதை எடுத்து வாசித்திருக்கிறேன். ஆம்ப் போட்டால் தெருவே கேட்கும். அதனால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கிடாரின் மேல் ஓரத்தில் தாடையை அழுத்தி வைத்துக்கொள்வேன். அப்படி வைத்தால் சத்தம் எலும்பு வழியாகக் காதுக்குள் வந்துவிடும், வெளியே ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. நீ வாசித்த பாட்டையெல்லாம் அப்படித்தான் படித்தேன். பல் கூசும், தாடை வலிக்கும், விரல் நுனி காய்த்துப்போகும். காய்ப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பீடி என்று சொல்ல வசதியாக இருந்தது.

உனக்குத் தெரியுமா, தெரியாதா? கடைசி இரண்டு வருஷம், கம்பிகள் ஊன்றி நிற்கும் பிரிட்ஜின் திருகாணியைத் திருகி, லேசாக அமுக்கினாலே போதும் என்கிற அளவுக்குக் கம்பிகளை நன்றாக இறக்கி வைத்தாய். மணிக்கட்டு வலிக்கிறது என்றாய். உன் மணிக்கட்டுக்காகவா இறக்கினாய், இல்லை வேறு யாருடைய விரலுக்காவதா? கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. எனக்குச் சாதகமாக நானே ஒரு பதிலைச் சொல்லிக்கொள்ளவும் விருப்பமில்லை.

பதினாறாம் நாள் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகுதான் பையைத் திறந்தேன். கடைசிக் கச்சேரியின் வியர்வை கம்பியிலேயே காய்ந்து, நீ அதிகம் அமுக்குகிற இடங்களில் எல்லாம் துரு பிடித்திருந்தது. உன் விரல் எங்கெங்கே நின்றது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். விட்டால் கம்பி அற்றுப்போகும், கழுத்தில் பதித்திருக்கும் பிரெட் தகடுகளும் அரித்துப்போகும். அடுப்பில் தண்ணீர் வைத்தேன். உன் வியர்வையைக் கொதிக்க வைத்துக் கீழே ஊற்றியபோது வாய்விட்டு அழுதேன், அண்ணே. மதினி வந்து எட்டிப் பார்த்தாள். புட்டுப் பானையைப் பார்த்தாள். இந்தத் தடவை ஏசவில்லை.

சித்திரை பிறந்ததும் துரை அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊரில் அம்மன் கொடை, நீ வருஷா வருஷம் வாசித்த கோயில். "முருகேசனுக்கு ஒரு மரியாத செய்யணும்லா" என்றார். அவர் நினைத்திருந்த மரியாதை இதுதான்: உன் கிடாரை மேடை நடுவில் ஸ்டாண்டில் நிறுத்தி, மாலை போட்டு, ஒரு நிமிஷம் எல்லோரும் மௌனமாக நிற்பது. பிறகு கச்சேரி. பேஸை அவரே கீபோர்டில் இடது கையால் வாசித்துக்கொள்வார். இனி எல்லாக் கச்சேரிக்கும் அப்படியேதான் என்றார்.

மதினி சரி என்று தலையாட்டினாள். மாலை போட்டு நிறுத்திவிட்டால் அது போட்டோதான். போட்டோவை மறுபடி யார் எடுத்து வாசிக்க விடுவார்கள்? நாலு கச்சேரிக்கு மாலையோடு நின்றுவிட்டு, ஐந்தாவது கச்சேரிக்குப் பீரோ மேல் ஏறிவிடும்.

"நான் வாசிக்கேன் அண்ணாச்சி" என்றேன்.

"வெளையாடாத செல்வி. துஷ்டி வீடு. ஒரு வருசம் களியல. கோயில் மேடைல நீ ஏறலாமா?"

"துஷ்டி வீட்டு கிடார் ஏறலாம், துஷ்டி வீட்டு ஆளு ஏறக்கூடாதாக்கும்?"

அவர் மதினியிடம் திரும்பி, "நாங்க வேனுல வந்து எடுத்துக்கிடுதோம்மா" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக்கூட முழுசாகக் குடிக்காமல் போனார். பயத்தில் போனாரா, கோபத்தில் போனாரா?

கொடைக்கு மறுநாள் சாயங்காலம் கச்சேரி. வேன் வந்தபோது கிடார் பையை நான் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன். யாரும் இறங்கு என்று சொல்லவில்லை. ஆச்சரியம் என்னவென்றால் பின்னாலேயே மதினியும் ஏறினாள். "கோயிலுக்குள்ள வரல. மேடகிட்டதான நிக்கப் போறேன்" என்று, கேட்காதவர்களுக்குப் பதில் சொன்னாள்.

கால்வாய்க் கரையை ஒட்டிக் கோயில். நாலு மணிக்குச் சவுண்ட் பார்க்க ஆரம்பித்தார்கள். விழாக் கமிட்டிக்காரர்கள் உன் மேல் வைத்திருந்த பிரியத்தில் ஒரு காரியம் செய்தார்கள், அண்ணே. நான் கைகால் கழுவிவிட்டு வருவதற்குள் கிடாரை ஸ்டாண்டில் நிறுத்தி, உச்சி முதல் கீழ்வரை சந்தனத்தைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, பன்னீரை அள்ளித் தெளித்து, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு ரோஜா மாலையைப் போட்டுவிட்டார்கள். சந்தனம் நேராக, கம்பியின் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் மேலேயே. பன்னீர் திருகுகிற குமிழுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சாமி சிலைக்குச் செய்வதைச் செய்தார்கள், பாவம். கரண்டில் ஓடுகிற சாமானுக்கு அபிஷேகம் ஆகுமா?

"எய்யா, அத தொடாதிய! எல்லாம் போச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். கமிட்டிக்காரர் ஒருத்தர் குறுக்கே நின்றார். "எம்மா, போட்ட மாலைய எடுக்கக்கூடாது. அபசகுனம்" என்றார். துரை அண்ணாச்சி கீழே குனிந்து கேபிளைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்.

அப்போதுதான் மதினி மேடைப் படியில் ஏறினாள். தாலி இறக்கி ஏழு மாதம்கூட ஆகாதவள், கோயில் மேடையில், அத்தனை ஆண்கள் முன்னால். மாலையை இரண்டு கையாலும் கழற்றினாள். "எம் புருசனுக்கு ஒருக்கா மாலை போட்டுத் தூக்கிக் கொண்டுபோயாச்சு. இன்னொருக்கா என்னத்துக்கு? அவிய போய்ட்டாவ. இது போகல" என்றாள். மாலையைப் பைய மடித்துக் கமிட்டிக்காரர் கையில் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சொவத்துக்குப் பின்னால நீ என்ன செய்யுதன்னு இத்தன வருசமா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாளா? தொடச்சு எடு" என்றாள்.

கம்பிகளைத் தளர்த்தி, முந்தானையால் சந்தனத்தை வழித்து, பிக்கப் இடுக்கில் ஊக்கால் நோண்டி எடுத்தேன். பாடகர்களுக்கு வைத்திருந்த மின்விசிறியை இழுத்து வந்து கிடார் பக்கம் திருப்பினேன். குமிழ்களை இப்படியும் அப்படியுமாக நூறு தடவையாவது திருகியிருப்பேன். கேபிளைச் சொருகியதும் முதலில் கரகரவென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை. போய்விட்டது என்றுதான் நினைத்தேன். இன்னும் ஒரு தடவை திருகினேன். வந்தது. மேடைப் பலகை வழியாக உள்ளங்காலில் ஏறியது. எலும்பு வழியாக மட்டும் கேட்டிருந்த சத்தத்தை முதல்முதலாக ஊருக்கு நடுவில் கேட்டேன்.

நீ கிடார் பட்டையைத் தொடைவரை தொங்கவிடுவாய். நான் நெஞ்சளவுக்கு ஏற்றி மாட்டிக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. சவுண்ட் பார்ப்பதற்காகத் துரை அண்ணாச்சி முதல் பாட்டைக் கீபோர்டில் ஆரம்பித்தார், நான் கூடவே சேர்ந்தேன். கொஞ்ச நேரம் அவருடைய பேஸும் என் பேஸும் முட்டிக்கொண்டன. பிறகு அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஆறு மணிக்குக் கச்சேரி. ஒரு நிமிஷ மௌனத்தை அண்ணாச்சி விடவில்லை. அது உனக்கு உரியதுதான், நானும் தலை குனிந்து நின்றேன். இரண்டாவது பாட்டின் சரணத்தில் தப்பு விட்டேன். மறைக்க மாட்டேன். தாளத்தில் ஒரு கட்டம் பிந்திப் போய், ஓடி வந்து சேர்ந்தேன். மற்றதெல்லாம் சுத்தம். நீ ஒரு சுரம் வாசிக்கிற இடத்தில் நான் மூன்று வாசித்தேன். "இவ ரொம்ப வாசிக்கா வே" என்று அண்ணாச்சி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. குறைக்கவில்லை.

முடிந்து இறங்கும்போது ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கண்ணன் மேல இருந்து பாத்து சந்தோசப்படுவான் தாயி" என்றார். "மாட்டான் தாத்தா. ஏசுவான்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் உன்னை எனக்குத் தெரியாதா? செத்தவர்கள் எல்லோரையும் நல்ல மனசுக்காரர்களாக மாற்றி, தங்களுக்கு வேண்டியதைச் சொல்ல வைக்கிறார்கள். உன்னை அப்படி மாற்ற நான் விடமாட்டேன். நீ வேண்டாம் என்று சொன்ன அண்ணன்தான். நான் சம்மதம் வாங்கி வாசிக்கவில்லை.

உன் நினைப்பு வராத நாள் இல்லை. உன் துரு அதிகம் படிந்திருந்த மூன்றாவது பிரெட்டில் கை வைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது. அடைத்துக்கொண்டே வாசிக்கிறேன்.

இப்போது தெருவில் பேச்சு வேறு விதம். நாற்பது வயதில் கல்யாணம் ஆகாதவள் கிடாரை மாட்டிக்கொண்டு ஆடுகிறாளாம், இனி எவன் வருவான் என்று. கிடார் இல்லாதபோது வாசலில் வரிசை கட்டி நின்றார்களா என்ன? மதினியைப் பற்றியும் பேசுகிறார்கள். அவள் கதவைச் சாத்தவில்லை. நான் வாசிக்கும்போது ஜன்னலையும் திறந்து வைக்கிறாள்.

அடுத்து நாங்குநேரியில் ஒரு கல்யாணம், அதற்கடுத்து திருச்செந்தூர். உப்புக் காற்று கம்பியைத் தின்றுவிடும், வாசித்த கையோடு துடைத்துவிடுவேன். கழுத்தை வளையவிட மாட்டேன், கம்பியைச் சாகவிட மாட்டேன். மாலை போட எவர் வந்தாலும் விரட்டுவேன். நீ என்ன சொன்னாலும் மேடையை விட்டு இறங்க மாட்டேன். இது சத்தியம்.

நாங்குநேரி நோட்டீஸில் என்ன போடலாம் என்று துரை அண்ணாச்சி கேட்டார். "முருகேசன் தங்கச்சின்னு போட்டா நாலு பேருக்குத் தெரியும்" என்றார். வேண்டாம் என்றேன். பேஸ் கிடார், செல்வி. அது போதும். மேடையில் நான் யாருக்கும் தங்கச்சி இல்லை, அண்ணே. இங்கே மட்டும்தான்,

உன் தங்கச்சி.