குதிரை மசால் வேரில் இருந்த முடிச்சு

றொசல்ல,
18.8.1955

நோட்டன் பிரிட்ஜில் இருக்கும் அண்ணன் அழகுமுத்து அவர்களுக்குத் தங்கை வீரம்மா எழுதுவது.

நானும் மகள் பூரணியும் உயிரோடு இருக்கிறோம். உங்கள் சுகம் கேட்க இதை எழுதவில்லை.

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் சரிவில் மாட்டுத் தீனிக்காக நான் குதிரை மசால் போட்டிருந்தேன். விவசாயப் போதனாசிரியர் துரைராசா ஐயா விதையோடு பழைய மசால் நிலத்து மண்ணும் கொடுத்தார். அதைக் கலந்து விதைத்தால்தான் வேரில் முடிச்சு பிடிக்கும், பிறகு வருஷக்கணக்கில் அறுக்கலாம் என்றார். முதல் வருஷம் மஞ்சளாய்க் கிடந்தது. சுண்ணாம்பு போட்டுக் காத்திருந்தேன். இந்த வருஷம்தான் கருகருவென்று எழுந்தது. மாடும் சினையாக இருந்தது.

நான் கொழுந்து பறிக்கப் போயிருந்த நேரம் நீங்கள் வந்து ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே தோட்டத்து வேலையை மேய்க்கும் கண்டாக்கிடம் போய், "இது புழு முடிச்சுங்க ஐயா, விட்டா தேயிலைக்கும் பரவிரும்" என்றீர்கள். மறுநாளே ஆள் விட்டுத் தோண்டி எரித்தார்கள். நான் காலில் விழுந்தும் விடவில்லை. தீனியில்லாத மாட்டை நல்லதண்ணித் தோட்டத்துக்கு ஓட்டிப் போய் விற்றாயிற்று. அங்கே கன்று போட்டதாம்.

பிறகு துரைராசா ஐயா வந்தார். வேலியோரம் தப்பி நின்ற ஒரு செடியைப் பிடுங்கி, முடிச்சை நகத்தால் கிள்ளிக் காட்டினார். உள்ளே சிவப்பாக இருந்தது. "இது நோயில்லை, கண்டாக்கர். இதாலதான் செடிக்குச் சத்து வருது" என்றார். "தோண்டுனது தோண்டுனதுதான். தொரை அங்க தேயில வைக்கச் சொல்லிட்டாரு" என்று கண்டாக்கு முடித்துவிட்டார்.

தெரியாமல் செய்துவிட்டீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆபீஸ் கூட்டும் ராக்காயி உண்மையைச் சொன்னாள். தோட்டத்தில் மறுபடி வேலைக்குப் பேர் பதியச் சொல்லி அன்றைக்குத்தான் கெஞ்சினீர்களாம். வெறுங்கையோடு போகக் கூசி என் சரிவைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் பேர் பதிந்தாயிற்று. அந்தச் சரிவிலேயே தேயிலைக்குக் குழி வெட்டும் வேலையாம். வந்து வெட்டுங்கள். என் காம்பரா வாசல் பக்கம் வராதீர்கள். தண்ணீர் கேட்டாலும் தரமாட்டேன்.

உங்கள் பக்கம் மலை சரிந்தது என்று கேட்டதிலிருந்து பூரணி சாப்பிடாமல் அழுகிறாள். "மாமாவுக்கு ஒன்னும் ஆவாது" என்று சொல்லி வைத்திருக்கிறேன். பிள்ளையிடம் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

வீரம்மா