கோடியக்கரையில் மெதுவாகப் பேசியது

என் ஜமீலாவுக்கு,

கடைசியில் கோடியக்கரைக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். நாகப்பட்டினத்தில் இரண்டு நாள் தங்கி, கடல் பார்த்து, காட்டுக்குள் ஜீப்பில் சுற்றி, மான் பார்த்தாயிற்று. யாரோடு என்று கேட்பாய். உன் பெண் ஷபானாவோடு.

நம் பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனை தடவை சுற்றுலா போயிருப்போம், நினைவிருக்கிறதா? ஒரு தடவையாவது ஒரு மானின் வாலையாவது பார்த்தோமா? எண்பது பெண் பிள்ளைகள் "மிஸ், மான் எங்க மிஸ்" என்று ஒரே குரலில் கேட்டால் எந்த மான் நிற்கும்? "ரிடையர் ஆனதும் நாம ரெண்டு பேர் மட்டும் வரலாம் அக்கா" என்றாய். நானும் முட்டி வலி, பேரன் பரீட்சை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

நீ போன பிறகு ஒரு வருடம் ஷபானா என்னோடு பேசவில்லை. அதில் தவறில்லை. உனக்கு முடியாமல் போனபோது அவள் துபாயில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான். "அத்தா இல்லாத பொண்ணு, இந்த வேலையும் போயிடக் கூடாது. சொல்லாதீங்க அக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். அவள் போன் செய்தபோதெல்லாம் வெறும் காய்ச்சல் என்றேன். அவள் வந்து சேர்வதற்குள் உன்னை அடக்கம் செய்திருந்தோம்.

இந்தத் தை மாதம் விடுமுறையில் வந்தவள் ஸ்ரீரங்கத்து வீட்டுக்குப் போன் செய்தாள். அம்மா போக நினைத்த ஊருக்கு இரண்டு டிக்கெட் போட்டிருப்பதாகச் சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நாகப்பட்டினத்தில் என்னை ரொம்ப மரியாதையாகக் கவனித்துக்கொண்டாள். வெந்நீர் வாங்கித் தந்தாள், கடற்கரை மணலில் கையைப் பிடித்து நடத்தினாள். நீயும் கோபமாக இருந்தால் உன் மரியாதை இப்படித்தான் கூடும். எனக்குத் தெரியாதா?

மறுநாள் காலை வேதாரண்யம் வழியாக, உப்பளங்களைத் தாண்டிப் போனோம். கோடியக்கரையில் ஜீப் ஏறும்போதே வழிகாட்டித் தம்பி சொல்லிவிட்டார், உள்ளே பேச்சே கூடாது என்று. புல்வெளியில் பத்துப் பன்னிரண்டு வெளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு கறுப்பு ஆண் மான், கொம்பு இரண்டும் முறுக்குக் கம்பி போல. ஜீப்பை நிறுத்தினார்கள். உன்னிடம் காட்ட வேண்டும் என்று வாய் வரை வந்துவிட்டது.

அப்போதுதான் ஷபானா கேட்டாள். "கடைசியில அம்மா என்னைக் கேட்கவே இல்லையா, டீச்சர்?"

குரல் சற்று உயர்ந்துவிட்டது. வழிகாட்டி திரும்பி, "மெதுவாங்கம்மா, மான் ஓடிடும்" என்றார். நான் முப்பது வருடப் பழக்கத்தில் உதட்டில் விரலை வைத்துவிட்டேன், வகுப்பில் வைப்பதைப் போல. அவள் என் விரலையே பார்த்தாள்.

"அப்பவும் இதைத்தானே செஞ்சீங்க."

ஜமீலா, அவள் வந்து இறங்கிய அன்றும் இதையே கேட்டிருந்தாள். இல்லம்மா, அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொல்லிவிட்டேன். அவள் மனம் ஆறட்டும் என்று சொன்ன பொய். பிள்ளைகள் நோட்டில் ஒரு தப்பை அழித்து, அதன் மேலேயே மறுபடி அழித்து, கடைசியில் தாளைக் கிழித்துவிடுவார்களே, அப்படி ஆகிவிட்டது. அம்மா தன்னைத் தேடவே இல்லை என்று ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கேட்டா" என்றேன், அவள் காதோரம். "ரெண்டு நாளா 'ஷபானா வந்துட்டாளா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நான்தான் நாளைக்குச் சரியாயிடும்னு உனக்குச் சொல்லாம இருந்துட்டேன்."

"அந்த ரெண்டு நாள்ல நான் வந்திருப்பேன் டீச்சர்."

"வந்திருப்பே."

சத்தமே இல்லாமல் அழுதாள். அந்த மான்கள் ஓடவில்லை. ஒன்று தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மேய ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "போகலாங்க அண்ணே" என்றாள்.

அதன் பிறகு வழியெல்லாம் கேள்விதான். எந்தக் குரலில் கேட்டாய், கண் திறந்திருந்ததா, என்ன சாப்பிட்டாய். ஒன்றையும் விடாமல் சொன்னேன். ரத்தம் எடுக்க வந்த பெண்ணிடம் எந்த ஸ்கூல், கணக்கில் என்ன மார்க் என்று நீ விசாரித்ததையும் சொன்னேன். அதற்கு மட்டும் சிரித்துவிட்டாள்.

மன்னித்துவிட்டாளா? தெரியவில்லை. திருச்சி ஜங்ஷனில் என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, "இன்னும் கோவம் இருக்கு டீச்சர். நாளைக்குப் போன் பண்றேன்" என்றாள். பண்ணினாள். கோபமாகத்தான் பேசினாள், முக்கால் மணி நேரம்.

உனக்குக் கொடுத்த வாக்கை ஒரு வருடம் தாமதமாக உடைத்திருக்கிறேன். இப்போது வேறொன்று தருகிறேன். உன் பெண்ணிடம் இனி எதையும் மறைக்க மாட்டேன். நீயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாலும் மாட்டேன்.

இனி உன் பேச்சைக் கேட்காத,
உன் அக்கா
வசந்தா