கிணற்றடி மாமரம் பூத்திருக்கிறது

தூத்துக்குடி,
8-1-1974

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அம்மா எழுதுவது. பனிமய மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், அதற்கு மேல் சுகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. உன் நெற்றிக் காயம் ஆறிவிட்டதா, கன்னியர் மடத்தில் நேரத்துக்குச் சோறு கிடைக்கிறதா என்பதுதான் படுத்தாலும் எழுந்தாலும் நினைப்பு.

மாப்பிள்ளை அடித்ததையும், நீ மடத்துக்கு வந்துவிட்டதையும், இங்கே வரலாமா என்று கேட்டதையும் உன் கடிதம் கிடைத்த அன்றைக்கே அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. கிறிஸ்மஸ் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. தோணி வேலையை விட்டபிறகு அவர் பார்த்துப் பார்த்து வளர்த்த தோட்டத்தையும் கைவிட்டுவிட்டார். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. முழங்கால் வலியோடு குழாயடியில் நின்று பிடிக்கிற நல்ல தண்ணீர் சமையலுக்கே போதவில்லை, அரிசி கழுவியதைக் கனகாம்பரத்துக்கு ஊற்றினேன். பிறகு எனக்கும் அலுத்துவிட்டது மகளே, காய்ந்தால் காயட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று உன் ரோஸ் அத்தை வந்தாள். நீ மாப்பிள்ளையோடு சமாதானமாகப் போகாவிட்டால் தன் மகளுக்கு வந்த சம்பந்தம் நின்றுவிடும் என்று புலம்பினாள். அப்பா எழுந்து பின்பக்கம் போனார். ஆளைக் காணோமே என்று நாங்கள் போனால், கிணற்றடி மாமரத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார். கடல்காற்றில் கருகி இரண்டு வருஷமாகப் பூக்காத மரம். தை பிறக்கும் முன்னே, தெற்குக் கிளையில் நாலைந்து பூங்கொத்து, இன்னும் விரியாமல் சிவப்பாக. அத்தை அங்கேயும் விடவில்லை, ஒரு முடிவு சொல்லச் சொன்னாள். அப்பா திரும்பாமலே, "இது காய்க்கும்போது எம்பிள்ளை இங்கன இருப்பா. பொறுக்காதவுக இந்த வாசலுக்கு வரவேண்டாம்" என்றார். அத்தை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள். அப்புறம்தான் என்னிடம், "காயம் பெருசா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து அழுதார்.

கூடப்பிறந்தவள் உறவு இப்படிப் போனதில் அவருக்கு வருத்தம்தான். பனியில் பூ பாதி உதிரும் என்றும் சொல்கிறார். நீ அதையெல்லாம் நினைத்து அங்கே கிடக்காதே. நகையைக் கேட்டு அந்த வீட்டுப் படி ஏறவேண்டாம், போனது போகட்டும். மடத்து மதரிடம் சொல்லி நல்ல துணையாகப் பார்த்துப் புறப்படு. சால்வை எடுத்துக்கொள், பம்பாயிலிருந்து ரயிலில் குளிரும். எந்த நாள் என்று தந்தி அடி, அப்பா மணியாச்சியில் வந்து நிற்பார்.

மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் வரவு பார்த்திருக்கும் அம்மா,
பிளாரன்ஸ்