முப்பத்தொரு இலக்க உயரம்

துவார்னெனே,
4 மார்ச் 1998

என் செல்லம் எனோராவுக்கு,

உன் அண்ணன் மாலோவுக்குப் படகு எஞ்சின் வேலைக்கான சான்றிதழ் கிடைத்துவிட்டது. தங்கை தீஃபென் நர்ஸ் பரீட்சையில் பாஸ். எல்லாருக்கும் மேலே நீ! உன் வளைகோட்டில் பின்னமாக எழுதக்கூடிய புள்ளிகள் நான்கே நான்கு, ஐந்தாவது கிடையாது என்று நிரூபித்துவிட்டாயாம். பேப்பரில் புள்ளி, உயரம் என்றெல்லாம் எழுதி உன் படத்தோடு போட்டிருக்கிறான். வெட்டி அடுப்படியில் ஒட்டிவிட்டேன். மீன் டப்பா ஆலையில் என்னோடு வேலை பார்த்த ஈவோன் வந்து, "புள்ளிக்கு ஏதுடி உயரம்?" என்றாள். "பின்னத்துல மேலயும் கீழயும் இருக்கிற எண் எத்தனை இலக்கம் நீளுதோ அதுதாண்டி. என் பேத்தி சொன்னது" என்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு வேறென்ன வேண்டும்?

உன் பாட்டி
சொலேன்

போர்தோ,
19 மே 1998

அன்புள்ள பாட்டிக்கு,

அந்தப் படத்தைக் கிழித்துவிடுங்கள். ஐந்தாவது புள்ளி இருக்கிறது. உயரம் முப்பத்தொரு இலக்கம். ஜெர்மனியில் ஒரு மாணவி கண்டுபிடித்துவிட்டாள்.

இருபது இலக்கத்துக்கு மேல் புள்ளியே இருக்க முடியாது என்று நிரூபித்து, அதுவரை மட்டுமே தேடினேன். உயரத்தை அளக்க இரண்டு வழக்கம் உண்டு. ஒன்றின் அளவு மற்றதைப்போல் இரு மடங்கு. இரண்டு புத்தகங்களிலிருந்து எடுத்துக் கலந்துவிட்டேன். நாற்பது வரை தேடியிருக்க வேண்டும்.

என் பேராசிரியர் லாஸ்கூர் அன்றே கேட்டார்: "ரெண்டும் ஒரே அளவுதானான்னு ஒத்துப் பார்த்தியாம்மா?" "பார்த்தாச்சு சார்" என்றேன். பார்க்கவில்லை, பாட்டி. என்னை நம்பிக் கட்டுரையில் தன் பெயரையும் போட்டார். இப்போது எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

எனோரா

துவார்னெனே,
2 ஜூலை 1998

கண்ணு,

மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. நேற்று மாலோ போர்தோ போய் வந்தான். உன் வீட்டுக்காரம்மா, "ஜூன் எட்டாம் தேதி போனவதான் தம்பி, பெட்டிகூட அப்படியே கிடக்கு" என்றாளாம். லாஸ்கூர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம்.

ஆலையில் ஒருமுறை எடை தப்பாகப் போட்டதற்கு என்னை மூன்று நாள் வெளியே நிறுத்தினார்கள். நாலாம் நாள் மறுபடி வேலைக்குப் போய் நின்றேன். அதை உனக்கு எழுதாமல், உன் படத்தைக் கிழிக்க மாட்டேன் என்றே மூன்று கடிதத்திலும் வம்பு பண்ணினேன்.

காலையில் காவல் நிலையத்துக்குப் போனேன். பேப்பர் படத்தைக் காட்டினால் போலீஸ்காரன், "இதுல முகமே தெரியலையே பாட்டி, புதுசா ஏதாவது இருக்கா? இப்ப எப்படி இருப்பா?" என்கிறான்.

வேறு முகவரி தெரியாது. இதையும் உன் அறைக்கே போடுகிறேன். ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு, கண்ணு. சிரிக்க வேண்டாம்.

பாட்டி