வெறுங்காலோடு தேடுகிறவர்

10.01.2005
இன்றும் இவர் வெறுங்காலோடு கடற்கரைக்குப் போய்விட்டார். எங்கள் மகள் றிஸ்லாவைக் கடல் கொண்டுபோய் இரண்டு வாரம். அடக்கம் செய்ய மையத்து இன்னும் கிடைக்கவில்லை. இவர் பிடியிலிருந்துதான் அலை அவளைப் பிய்த்துக்கொண்டு போனது. கையில் மிஞ்சியது சட்டைக் கை மட்டும். விடிந்ததும் அகதி முகாமை விட்டுப் போய், எங்கள் வீடு இருந்த இடத்தில் ஓடுகளையும் தகரத்தையும் பிரட்டிப் பிரட்டித் தேடுகிறார். பழைய சீனி வருத்தக்காரர். நீரிழிவில் பாதம் மரத்துப்போய் எவ்வளவோ காலம். செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பறித்துக் கிணற்றுக்குள் எறிந்தார்.

"புள்ள கிடக்கிற மண்ணுடி இது. மையவாடிக்குள்ள செருப்போட நடப்பியா நீ?"

காலமெல்லாம் வகுப்பில் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொன்னவள் நான். கிணற்றடியிலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன்.

13.01.2005
கூரைத் தகர ஆணி ஒன்று வலது பாதத்தில் கொண்டை வரை இறங்கியிருக்கிறது. அதோடேயே பகல் முழுதும் நடந்திருக்கிறார். சீமெந்துத் தரையில் இரத்தத் தடம் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவருக்கும் அப்போதுதான்.

14.01.2005
முகாமுக்கு வரும் தாதி சுஜித்தா, காரைதீவுப் பிள்ளை, காயம் கழுவ உட்கார்ந்தாள். இவர் அவள் நெஞ்சில் உதைத்தார். தட்டு, கத்தரிக்கோல், மருந்து எல்லாம் சிதறின. அவள் எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

"நல்லா உதைக்க ஏலுது ஐயா. ஆனா புண்காலால உதைச்சும் உங்களுக்கு நோகல்லையே. அதுக்குத்தான் நான் பயப்படுறன்."

போகும்போது என்னிடம் சொன்னாள்: தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தொழுகைக்குக் கழுவியதும் விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். சுடுதண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வெறுங்கால் கூடவே கூடாது.

17.01.2005
உதாரணம் காட்டினால் விளங்காத பிள்ளை இல்லை என்று நம்புகிறவள் நான். ஐம்புலன் பாடத்துக்கு வகுப்பில் செய்வதுபோல் கண்ணைக் கட்டித் தொட்டுப் பார்ப்போம் என்றேன்.

"என்ட கால் எனக்குத் தெரியாதா? கட்டு பாப்பம்."

கட்டினேன். பஞ்சால் தொட்டேன். கரும்பலகைச் சோக்கட்டியால் அழுத்தினேன்.

"தொடன், ஏன் பாத்துக்கிட்டிருக்காய்?"

என்னமோ ஆகிவிட்டது எனக்கு. தையல் ஊசியை எடுத்து இடது குதிக்காலில் குத்தினேன். பாதி இறங்கிற்று.

"இன்னும் தொடல்லையா?"

கட்டை அவிழ்த்தேன். ஊசி நிற்பதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே என் வாயில் அடித்தார். பல்லொன்று போயிற்று.

நானா குத்தினேன்? ஓம், நான்தான். பொறுமைக்காரி டீச்சர்!

22.01.2005
நாற்றம். ஆணி ஏறிய காலின் விரல்கள் கறுத்து, கறுப்பு கணுக்காலுக்கு ஏறிவிட்டது. அப்படியும் புறப்பட்டார். கதவை மறித்தேன், கதிரையைத் தூக்கி எறிந்தார். இவரின் தம்பியும் இன்னும் சிலரும் அமுக்கிப் பிடித்து வான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தம்பியின் கையைக் கடித்துச் சதை கிழித்துவிட்டார்.

24.01.2005
முழங்காலுக்குக் கீழே வெட்டாவிட்டால் உயிர் தங்காது என்கிறார் டொக்டர். இவர் சம்மதிக்கவில்லை.

"காலில்லாம எப்படிடி நான் புள்ளயத் தேடுற?"

தேடல் நின்றுவிடும் என்றுதானா இத்தனை அடியும் உதையும்?

"மௌத்தாகி மண்ணுக்குள்ள போனா மட்டும் தேடுவீங்களா மச்சான்?" என்று இவரைப் பார்த்துக் கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

தம்பி, துணி சுற்றிய கையால் அண்ணன் தோளைப் பிடித்தார். "நான் தேடுறன் காக்கா. ஒவ்வொரு நாளும் போறன்."

இவர் தான் கடித்த அந்தக் கையைத் தடவினார். பிறகு தலையாட்டினார்.

25.01.2005
வெட்டிவிட்டார்கள். தம்பி அதை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டுபோய் மையவாடியில் அடக்கம் செய்தார்.

20.02.2005
முகாமுக்குத் திரும்பிவிட்டோம். தம்பி சொன்னபடியே தினமும் கடற்கரைக்குப் போகிறார். அவருக்கும் போன வருடம் சீனி கண்டது. இன்று காலை இவரிடம் சொல்லிவிட்டுப் போக வந்தவர், செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு இறங்கினார்.

"தம்பி, அத எடுத்துக் கால்ல போடு."

"இல்ல காக்கா, புள்ள கிடக்கிற..."

"போட்டுட்டுப் போடா. அங்க ஆணி கிடக்கு. புள்ள ஒண்டும் நினைக்கமாட்டா."